இரண்டு மின்கலங்களுக்கும் ஒரே நீளம்

மார்ச் 14, வியாழன்.
நேற்று பயிற்சிக்கூடத்தில் நான் எழுதிய அளவு தவறு. இரண்டு மின்கலங்களுக்கும் சமன்செய் நீளம் 412 செ.மீ. என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு வகை. ஒரே நீளம் வர வழியே இல்லை. முள் அசையவில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு எழுதிவிட்டேன். சின்னத் தவறுதான். ஆனால் மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்று போய்ச் சொல்ல வேண்டும்.

இதை அவள் எழுதியது வேலை செய்யும் இடத்தில், சாப்பாட்டு இடைவேளையில். வீட்டுச் சாமான்கள் பழுதுபார்க்கும் சர்வீஸ் சென்டர் அது. அவளுக்குப் புகார் எழுதும் மேசை. காலையிலிருந்து மாலைவரை யாராவது ஓர் இஸ்திரிப் பெட்டியையோ மின்விசிறியையோ அவள் முன்னால் வைத்துவிட்டு, வீட்டில் நடந்த சண்டை உட்பட எல்லாவற்றையும் சொல்வார்கள். அவள் சண்டையை விட்டுவிட்டுப் பழுதை மட்டும் எழுதிக்கொள்வாள். "இயக்கினால் எந்த அசைவும் இல்லை" என்ற வரியை அவள் கை தூக்கத்தில்கூட எழுதும்.

வேலை முடிந்து போகும் மின்பணி மாலை வகுப்பில் அவளுக்கு 'மறுபடி' என்று பெயர். எதைச் செய்தாலும் "மறுபடி ஒரு தடவை பார்த்துடலாமா?" என்று கேட்பாள் என்பதால் முதல் மாதமே ஒட்டிக்கொண்ட பெயர். வைத்தவர் அவளோடு ஒரே மேசையில் சோதனை செய்யும் லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். கம்பெனி சான்றிதழ் கேட்டதால் இந்த வயதில் மறுபடியும் பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று என்று வாரம் ஒருமுறையாவது புலம்பாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அன்று மாலை அவள் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்டார்:

"என்ன மறுபடி, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?"

"நேத்து அளவு தப்புண்ணா. ரெண்டுக்கும் 412 வந்திருக்கு."

"வந்தா நல்லதுதானே? ஒண்ணுக்கொண்ணு சண்டை இல்லாம ஒத்துமையா இருக்கு."

"ஒரு மின்கலம் ஒண்ணேகால் வோல்ட்டுக்கும் கீழே, இன்னொண்ணு ஒண்ணரைகிட்ட. நீளம் எப்படிண்ணா ஒண்ணா இருக்கும்?"

"முள்ளு அசையலைன்னா சமன்னுதான் புக்குல போட்டிருக்கு. அது பாட்டுக்குச் சும்மா இருந்த முள்ளைப் போய் ஏம்மா சந்தேகப்படுற? பாவம்."

அவர் சொன்னது புத்தகத்தில் உண்மையாகவே இருந்தது. அதுதான் சிக்கல்.

மேசைமேல் மின்னழுத்தமானி கிடந்தது. பெயர்தான் பெரிது. பார்ப்பதற்கு ஒரு நீண்ட பலகை, அதன்மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பத்துமுறை ஓடும் ஒரே சீரான கம்பி, ஓரத்தில் ஓர் அளவுகோல், அவ்வளவுதான். கம்பியின் இரு முனைகளிலும் ஒரு பேட்டரியை இணைத்தால் நிலையான மின்னோட்டம் ஓடும். சரிவான தெருவில் இறங்கி நடந்தால் அடிக்கு அடி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வதுபோல, மின்னழுத்தமும் கம்பி நெடுகச் சீராகக் குறைந்துகொண்டே போகும். இப்போது அளக்க வேண்டிய மின்கலத்தைக் கொண்டுவந்து, அதன் நேர்முனையைப் பேட்டரியின் நேர்முனை இருக்கும் அதே கோடியில் கட்ட வேண்டும். மறுமுனையிலிருந்து வரும் ஒயர், துளி மின்னோட்டம் வந்தாலும் முள்ளைச் சாய்த்துக் காட்டும் கால்வனாமீட்டர் வழியாக ஜாக்கிக்குப் போகும். ஜாக்கி என்பது கையில் பிடித்துக் கம்பியைத் தொடும் ஒரு சிறு உலோகக் கத்தி. கம்பியை மேலே தொட்டால் முள் ஒரு பக்கம் சாயும், கீழே தொட்டால் மறுபக்கம் சாயும். நடுவில் ஓரிடத்தில் எந்தப் பக்கமும் சாயாது. அந்த இடம்வரை கம்பியில் விழுந்திருக்கும் மின்னழுத்தமும் மின்கலத்தின் மின்னழுத்தமும் சரிக்குச் சரி. ஆகவே மின்கலம் ஒரு துளி மின்னோட்டத்தையும் கொடுப்பதில்லை, வாங்குவதுமில்லை.

அவளுக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசிச் செய்திதான். வோல்ட்மீட்டரை வைத்தால் அது அளப்பதற்காகவே மின்கலத்திடமிருந்து கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். இழுத்த மாத்திரத்தில் மின்கலம் தன் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். கேட்டவருக்குக் கொடுத்ததுபோக மிச்சம்தான் தெரியும். இந்தப் பலகை அப்படி எதையும் பிடுங்காமல் கேட்கிறது.

மேடத்துக்கு அன்று சளி. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே அவள் சொன்னதைக் கேட்டார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டுக்கும் 412. நானும் பார்க்காமலே கையெழுத்து போட்டிருக்கேன்." ஒருமுறை தும்மினார். "அப்ப தப்புல எனக்கும் பாதி பங்கு. உங்க பாதியைப் போய்ச் சரி பண்ணுங்க. லிஃப்ட் சார், நீங்களும்தான். கதவுகிட்ட போகாதீங்க."

"நான் ஜன்னல் சாத்தப் போனேன் மேடம்," என்றார் அவர்.

அவர்கள் திரும்பவும் எல்லாவற்றையும் கட்டினார்கள். அதே ஒயர்கள், அதே இடங்கள். பேட்டரியின் சாவியைப் போட்டதும் அவள் 412-க்குப் போகவில்லை. ஏனென்று தெரியாமலே கம்பியின் முதல் கோடியில் ஜாக்கியை வைத்தாள். முள் அசையவில்லை. ஒன்பது கம்பிகளைத் தாண்டிக் கடைசிக் கோடியில் வைத்தாள். அசையவில்லை.

"ஆஹா," என்றார் லிஃப்ட் மெக்கானிக், "கம்பி பூராவும் சமன். உலகத்துலயே இவ்வளவு அமைதியான மின்கலம் யாருக்குக் கிடைக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. நேற்று அவள் ஜாக்கியை வைத்த முதல் இடம் 412. மின்கலத்தை மாற்றியபோதும் அதே இடத்தில்தான் வைத்தாள். முள் அசையவில்லை என்றதும் எழுதிவிட்டாள். வேறு எங்கு வைத்திருந்தாலும் அதையும் எழுதியிருப்பாள்.

ஒவ்வோர் ஒயராகக் கழற்றினாள். பச்சை ஒயர் வெளியே புதுசுபோலப் பளபளவென்று இருந்தது. இரு முனைகளையும் பிடித்து லேசாக இழுத்தபோது நடுவில் சவ்வுபோல நீண்டது. உள்ளே செம்பு அறுந்து, மேலுறை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கால்வனாமீட்டருக்கு எந்தச் செய்தியும் போய்ச் சேரவே இல்லை.

வேறு ஒயர் போட்டாள். முதல் கோடியைத் தொட்டாள். முள் பட்டென்று இடப்பக்கம் போய் மோதியது. "அய்யோ!" என்று கையை எடுத்துவிட்டாள். கடைசிக் கோடியைத் தொட்டாள். வலப்பக்கம் மோதியது.

"இப்ப நம்பு," என்றார் அவர். "ரெண்டு பக்கமும் அடிக்கத் தெரிஞ்ச முள்ளு நடுவுல நின்னாத்தான் நின்னதா அர்த்தம்." பிறகு அவளை ஏறிட்டுப் பார்த்துச் சொன்னார்: "ஆறு மாசமா உன்னைப் பார்க்கிறேன் தங்கச்சி. உன் வாயிலேருந்து ஒரு அய்யோ வந்து இன்னைக்குத்தான் கேக்குறேன்."

கம்பியைத் தேய்க்காமல், தொட்டுத் தொட்டு எடுத்து, இடமும் வலமுமாக நெருக்கிக்கொண்டே வந்தார்கள். முதல் மின்கலத்துக்கு 541. இரண்டாவதற்கு 726. வகுத்தால் 1.34. கையேட்டில் இருந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. மேடம் இந்தமுறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துக் கையெழுத்திட்டார். லிஃப்ட் மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு, மேடம் மனம் மாறுவதற்குள் போய்விட்டார்.

அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். மூன்று நிறுத்தத் தூரம். போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

அவள் அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அம்மா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கேட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டது அவள்தான். உறவினர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்ததும் அவள்தான். கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. "பொண்ணா இருந்தாலும் என்ன தைரியம் பாரு" என்று வந்தவர்கள் மெச்சினார்கள். சித்தி மட்டும் ஓர் ஓரத்தில், "கல்லு மாதிரி நிக்குறாளே" என்றாள். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. அதன்பிறகு எல்லாமே அப்படித்தான். பசித்தால் சாப்பிட்டாள், நேரமானால் தூங்கினாள். யாராவது ஏதாவது கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றாள். அம்மா போன துக்கத்தைத் தாண்டிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்று, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற அம்மாளை அவர் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறார். பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. அந்த அம்மாள் இப்போது தனியாக ஒரு வாடகை அறையில் இருக்கிறார். சனிக்கிழமை அந்த வீட்டு உரிமையாளரிடம் அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் உடனே வேறு ஆள் வந்துவிடுவார், பிறகு திரும்பக் கேட்க முடியாது.

"உனக்கு இதுல ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைப்பா," என்றாள். தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

அப்பா விட்ட மூச்சு அவளுக்குக் கேட்டது. அன்றிலிருந்து அவர் காலையில் சீட்டியடித்துக்கொண்டே சவரம் செய்கிறார்.

அவள் சாத்தியிருந்த ஒரு செருப்புக்கடை வாசலில் நின்றாள். முறையாகச் செய்து பார்ப்போம் என்று நினைத்தாள். அந்த அம்மாள் வரவே போவதில்லை என்று வைத்துக்கொண்டாள். அப்பாவும் அவளும் மட்டும், இதே இரண்டு தட்டு, அப்பாவுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, காலைச் சீட்டி நின்றுவிடுகிறது. மனதில் எதுவும் ஆகவில்லை. சரி. அந்த அம்மாள் வந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டாள். குளியலறையில் மூன்றாவதாக ஒரு பல்துலக்கி, அம்மா படுத்த பக்கத்தில் வேறு ஒருவர், அம்மாவின் அலமாரியில் வேறு புடவைகள். அப்போதும் எதுவும் ஆகவில்லை.

எதிர்ப்பக்கமிருந்து வந்த ஒரு சைக்கிள்காரர் மணியடித்து, அவள் நகராததைப் பார்த்து, "என்னம்மா, நின்னுட்டே தூங்குறியா?" என்று சுற்றிக்கொண்டு போனார்.

அவள் நடக்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை தான் சொன்னது சம்மதமும் அல்ல, மறுப்பும் அல்ல. அது பதிலே அல்ல. அதை நம்பி ஒரு பெண்மணி தன் அறையை விடப்போகிறார். பிறகு எப்போதாவது, ஒரு மாதமோ ஒரு வருடமோ கழித்து, தனக்கு எல்லாம் ஒரே நாளில் உறைத்து, சமையலறையில் அவரைப் பார்த்து வெளியே போ என்று கத்தினால், அவர் எங்கே போவார்? கத்த மாட்டேன் என்று அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. கத்துவேன் என்றும் சொல்ல முடியவில்லை.

வீட்டில் அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மறுநாளைக்கான சட்டை. காலரை இருமுறை தேய்த்திருந்தார்.

"வா வா. இன்னைக்கு என்ன, லேட்டு?"

"நடந்து வந்தேன். அப்பா, ஞாயித்துக்கிழமை ஒண்ணு கேட்டீங்கல்ல?"

அவர் கை நின்றது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். அதைச் சரின்னு எடுத்துக்காதீங்க."

"அப்ப..." முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப வேண்டாமா?"

"வேண்டாம்னும் இல்லை."

"அதுவும் இல்லை, இதுவும் இல்லைன்னா நான் என்னன்னும்மா எடுத்துக்கறது?"

"எனக்கு எதுவுமே உறைக்கலைப்பா. அம்மா போனதுலேருந்து. நீங்க எதைக் கேட்டிருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன். வீட்டைக் கொளுத்தப் போறேன்னு சொல்லியிருந்தாக்கூட, சரிப்பான்னு தட்டைக் கழுவியிருப்பேன்."

"இதை ஞாயித்துக்கிழமையே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" குரல் உயர்ந்தது. "நான் அவங்ககிட்ட என் பொண்ணுக்குச் சம்மதம், என் பொண்ணு தங்கம்னு... ரெண்டு நாளா அலமாரியைக் காலி பண்ணிட்டிருக்கேன். நாளன்னைக்கு சனிக்கிழமை!"

"அன்னைக்கு எனக்கே தெரியாதுப்பா. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"இன்னைக்கு என்ன ஆச்சு?"

"ஒரு ஒயர் அறுந்துபோயிருந்துச்சு," என்றாள். அதற்குமேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சட்டை பாதி தேய்த்தபடி மேசையில் கிடந்தது. அவள் போய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். அந்த நேரத்திலும் அது அவள் கண்ணில் பட்டது.

"நீ தட்டு கழுவுறப்ப வந்து எதுக்குக் கேட்டேன்னு நினைக்கிற?" என்றார் அப்பா. "உன் மூஞ்சியைப் பார்த்துக் கேக்கத் தைரியம் இல்லை. முதுகைப் பார்த்துக் கேட்டுட்டேன். எல்லாரும் உன்னைத் தைரியசாலின்னாங்க. நானும் நம்பிட்டேன். நம்புறது எனக்கு வசதியா இருந்துச்சு, அவ்வளவுதான்."

"நீங்க ஏன்பா அப்படி..."

"பொறு. நான் இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன். வீட்டு ஓனர்கிட்ட எதுவும் சொல்லிட வேண்டாம்னு."

அவர் போனில் காதில் வைத்துக் கேட்கும் ஒலிபெருக்கி போய்ப் பல மாதங்கள் ஆயின. மகள் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிற வீட்டில்தான் இப்படி நடக்கும் என்று சித்தி கேலி செய்வாள். எது பேசினாலும் ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசியாக வேண்டும்.

"என்னங்க, சாப்பிட்டாச்சா?" என்றது ஒரு பெண்குரல். கொஞ்சம் கரகரப்பான, களைத்த குரல்.

"அது வந்து... சனிக்கிழமை உங்க வீட்டு ஓனர்கிட்ட சொல்றதா இருந்தோம்ல. அதை இப்போதைக்கு..." மேசையில் கிடந்த சட்டையின் காலரை மடித்தார். "பொண்ணு கொஞ்சம்... நான்தான் சரியாக் கேக்கலை."

"நான் எங்கே சொல்றதா இருந்தேன்? சனிக்கிழமை சொல்லிடலாம்னு நீங்கதான் குதிச்சுட்டிருந்தீங்க. பொண்ணு என்கிட்ட வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாம நான் பெட்டியைக் கட்டிருவேனா?"

"சம்மதம்னு சொன்னாளேன்னு..."

"நல்லா சொன்னீங்க. கடையில ஒருத்தருக்கு லென்ஸ் மாட்டிவிட்டு, தெரியுதாங்கன்னு கேட்டா எல்லாரும் தெரியுதுன்னுதான் சொல்லுவாங்க. சீக்கிரம் விட்டாப் போதும்னு இருக்கும். எழுத்தைப் படிக்கச் சொல்லணும். நீங்க படிக்கச் சொல்லியிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். உங்களுக்கே மூணு தடவை கண்ணாடிக் கம்பியை வேணும்னே உடைச்சுக்கிட்டு வந்தப்புறம்தான் என்கிட்ட கல்யாணம்னு கேக்க வாய் வந்துச்சு."

அப்பா அவசரமாகப் போனைக் கையால் மூடினார். அதனால் ஒரு பயனும் இல்லை.

"நான் இங்கேதான் இருக்கேங்க," என்றாள் அவள். "எல்லாம் கேட்டுச்சு."

"அய்யய்யோ," என்றது மறுமுனைக் குரல். பிறகு, "கம்பி விஷயம் உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"போச்சு."

அப்பாவின் காது மடல்கள் சிவந்திருந்தன. வேறொரு நாளாக இருந்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர வரவில்லை.

"நாளைக்குக் கடை எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்டாள்.

"எட்டு வரைக்கும். ஆறரைக்கு மேல கூட்டம் இருக்காது. ஏம்மா, வர்றியா?"

"வர்றேன்."

"அப்பாவோடயா?"

"இல்லை. நான் மட்டும். என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியாதுங்க. பேசாமக்கூட இருப்பேன்."

"இருந்துட்டுப் போ. ஸ்டூல் இருக்கு," என்றார் அந்த அம்மாள். "நான் வேலை பார்த்துட்டிருப்பேன். பிடிக்கலைன்னா எழுந்து போயிடு, நான் ஏன்னு கேக்க மாட்டேன். வீட்டு ஓனர் எங்கேயும் ஓடிப்போக மாட்டார்."

போனை வைத்த பிறகு அப்பா அவளைப் பார்த்தார். எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு, அது சூடாகும்வரை ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் லேசாக ஆடியது. அழுகிறாரோ என்று அவள் பார்த்தாள். அழுதார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையின் கையை நீவி, தேய்க்க வாகாக விரித்துக் கொடுத்தாள்.

"அவங்க என்ன கேட்டாலும் பதில் சொல்லணும்னு இல்லைம்மா," என்றார் அவர், திரும்பாமல்.

"சரிப்பா." சொன்ன பிறகு ஒருகணம் நின்றாள். "இது நிஜமாவே சரிதான்."

சாப்பிட்டுவிட்டு அன்றைய பக்கத்தின் அடியில் எழுதினாள்:

நாளை வெள்ளி. வகுப்பு இல்லை. வேலை முடிந்ததும் கண்ணாடிக்கடைக்குப் போக வேண்டும். கடைசி நிறுத்தத்தில் இறங்கி இடப்பக்கம், மருந்துக்கடைக்கு அடுத்த கதவு. ஆறரைக்குப் பிறகு.